புத்தகத்தில் மாமியார் நல்லவள்

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. கல்யாணமாகி வரும் முதல் ஆடி என்பதால் தாரணியை முறைப்படி வீட்டுக்கு அழைத்தாயிற்று. மாப்பிள்ளை பிரபாகர் திருப்பூரிலிருந்து தானே கார் ஓட்டிக்கொண்டு வந்து விட்டார். விருந்து, வேட்டி சட்டை எல்லாம் குறைவில்லாமல் நடந்தது. சாயங்காலம் வாசலில் தீ மூட்டித் தேங்காய் சுட்டோம். தேங்காயின் கண்ணைத் திறந்து வெல்லமும் பொட்டுக்கடலையும் எள்ளும் திணித்து, குச்சியில் செருகித் தீயில் காட்டுவதற்குள் எனக்கு இடுப்பு விட்டுப்போனது. மாப்பிள்ளை ரசித்துச் சாப்பிட்டார். "அத்தை, இதுக்காகவே வருசம் பூரா ஆடியா இருக்கலாமுங்க" என்றார். எல்லோரும் சிரித்தோம். தாரணியும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக.

ராத்திரிக்குள் அவர் திருப்பூர் போய்ச் சேர்ந்துவிட்டார். இனி ஆவணி பிறக்கும்வரை என் பெண் என்னோடு. வீடு ஈரோட்டிலேயே பெரியது போல் தோன்றுகிறது.

ஜூலை 19, சனி

கிரிஜா போன் செய்தாள். மின்வாரிய ஆபீசில் என் சர்வீஸ் முழுக்கப் பக்கத்து கவுன்டர். இருவருக்கும் வேலை பில் போடுவது, உயிர் நாவல் படிப்பது. கவுன்டரில் கூட்டம் குறைந்தால் மேஜை டிராயரைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு அதற்குள் படிப்போம். மதியச் சோற்றுக்கு உட்கார்ந்தால் படத்துக்கும் புத்தகத்துக்கும் சண்டை. ஒரு சரித்திர நாவலைப் படமாக எடுத்தபோது சேனாதிபதிக்குத் தொப்பை இருக்கிறது என்று கிரிஜா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை, நான்தான் அந்த நடிகருக்குச் சோறு போட்டேன் என்பதுபோல. ஒரு துப்பறியும் கதையில் கொலைகாரனையே மாற்றிவிட்டார்கள். அதற்கு நான் கைதட்டினேன். புத்தகத்தில் இருந்தவனைவிட இவன் பொருத்தமாக இருந்தான்.

"வசந்தாமணி, 'கமலவேணி' படமா வருதுடி! ஆகஸ்ட் எட்டு ரிலீசு!" என்று கத்தினாள். கேட்டதும் அந்த நாவலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

இத்தனை புத்தகம் படித்திருந்தாலும் திரும்பத் திரும்ப எடுப்பது 'கமலவேணி' ஒன்றைத்தான். தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவுக்கு வாக்கப்பட்ட ஒருத்தியின் கதை. ஆள் வெளியில் சொக்கத்தங்கம். வீட்டுக்குள் கை நீளும். கதை என்று பார்த்தால் இவ்வளவுதான். முடிவை இங்கே எழுதமாட்டேன். முடிவை யாருக்கும் சொல்வதில்லை என்பது என் கொள்கை, டைரிக்கும் அதேதான். இன்னொரு கொள்கையும் உண்டு. படத்தை முதலில் பார்க்க வேண்டும், புத்தகத்தைப் பிறகு படிக்க வேண்டும். அப்படிச் செய்தால் இரண்டும் பிடிக்கும். மாற்றிச் செய்தால் தியேட்டரில் பக்கத்து சீட்காரருக்குத் தொல்லை.

இவர் கடையிலிருந்து சாப்பாட்டுக்கு வரும் சத்தம். புத்தகத்தை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

ஜூலை 22, செவ்வாய்

எண்ணெய் தேய்த்துவிடுகிறேன், முதுகைக் காட்டு என்றேன். தானே தேய்த்துக்கொள்வதாகச் சொல்லித் தாரணி கதவைச் சாத்திக்கொண்டாள். கூச்சம் வந்துவிட்டதாக்கும், பெரிய மனுஷிக்கு.

ஜூலை 26, சனி

மாப்பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை முறைதான் கூப்பிடுவாரோ. அதுவும் முகம் தெரிகிற கால்தான். தாரணி போனைச் சுற்றிக் காட்டி, "அம்மாதான் இருக்காங்க, வேற யாருமில்லீங்க" என்கிறாள். குளிக்கப் போனாலும் போன் கூடவே போகிறது. "புதுசுல அப்படித்தான், எம்புள்ள மேல மாப்பிள்ளைக்கு என்ன பாசம் பாரு" என்று இவர் பெருமைப்பட்டார். நானும் ஆமாம் என்றேன்.

பொழுது போகவில்லை, படிக்க ஏதாவது கொடு என்று தாரணியே கேட்டாள். பள்ளிக்கூடப் புத்தகத்துக்கு அப்புறம் எதையும் தொடாதவள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு நகைச்சுவை நாவலைக் கொடுத்தேன். "அந்தக் கமலவேணியக் குடும்மா, எப்பப் பாத்தாலும் அதையே வெச்சுட்டிருப்பியே" என்றாள்.

"படம் வருது கண்ணு. பாத்துட்டுப் படி. இப்பப் படிச்சா சப்புனு போயிரும்."

உதட்டைப் பிதுக்கிவிட்டு நகைச்சுவை நாவலை எடுத்துக்கொண்டு போனாள்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

இதோடு மூன்று ஆடி வெள்ளி, ஒன்றுகூட விடாமல் மாவிளக்கு. கால் வீக்கம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பதினெட்டாம் பெருக்கு. பவானி கூடுதுறையில் அவ்வளவு கூட்டம். காவிரி இரண்டு கரையும் தொட்டுப் போகிறது. ஆற்றில் குளித்து, படித்துறையில் அம்மனுக்குப் படைத்துவிட்டு, எல்லாப் பெண்களையும் போலத் தாரணிக்கும் தாலிக்குப் புதுக் கயிறு மாற்ற உட்கார்ந்தோம். இவர் பொரி வாங்கப் போயிருந்தார்.

பழைய கயிற்றை எடுக்க அவள் கூந்தலை ஒதுக்கினேன். பின்கழுத்தில் கயிறு பதிந்த தடம். சுற்றிவர ஓடியது. ஒரு பக்கம் கறுத்திருந்தது, இன்னொரு பக்கம் பொருக்கு உதிர்ந்து வெளுத்திருந்தது.

"என்ன கண்ணு இது?"

"வேர்வைக்கு அறுத்திருச்சும்மா."

நானும் வேர்வை என்றே நினைத்துக்கொண்டு மஞ்சளைத் தடவினேன். தடவத் தடவ என் கை நின்றுவிட்டது. வேர்வை கழுத்தைச் சுற்றி இப்படி அறுக்காது. அவள் ஆற்றைப் பார்த்தபடியே பேசினாள்.

"கயித்தப் புடிச்சு முறுக்குவாரும்மா."

"எதுக்கு?"

"எதுக்குன்னெல்லாம் இல்ல. கொழம்புல உப்பு. போனை எடுக்க நேரமாச்சு. பக்கத்து வீட்டண்ணன் நல்லாருக்கியான்னு கேட்டாரு, அதுக்கு."

"உங்க மாமியாருக்குத் தெரியுமா?"

"அத்தைதான் கதவத் தட்டுவாங்க. 'பிரபா, தண்ணி எடுத்துக் குடு சாமி, நெஞ்சடைக்குது'ம்பாங்க. தட்டினா விட்டுருவாரு. அவங்க ஹால்லதான் படுப்பாங்க. பாதி நாள் தூங்கறதே இல்ல, பாவம்."

அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஊசி போடப் போனால் பிடிப்பாளே, அதே பிடி. "நான் திரும்பிப் போகலம்மா. ஆவணி ஒண்ணுக்கு வந்து கூப்புடுவாங்க. நீ என்னை அனுப்பாத."

"அனுப்பமாட்டேன் கண்ணு" என்றேன்.

அந்தக் கழுத்தில்தான் புதுக் கயிற்றைக் கட்டினேன். சுற்றிலும் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

இவரிடம் சொன்னேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்தபிறகு சொன்னேன், அதற்கு முன்னால் சொன்னால் தட்டு பறக்கும். முழுக்கக் கேட்டார். வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டார்.

"எந்த ஊட்ல இல்லாததையா சொல்லிட்ட? கல்யாணத்துக்கு வந்தவங்க மொய் எழுதுன கை இன்னும் காயல. அதுக்குள்ள பொண்ணு வந்து குந்திக்கிட்டான்னா நாலு பேரு என்னைய என்ன கேப்பான்? உனக்கென்ன இப்பக் கெட்டுப்போச்சு? நல்லாத்தான இருக்கற?"

பிறகும் ஏதோ சொன்னார். இடப்பக்கம் நின்று பேசினால் எனக்குச் சரியாகக் கேட்காது. கல்யாணமான புதிதிலிருந்து அப்படித்தான். தலையை ஆட்டி வைத்தேன்.

சாயங்காலம் நாச்சிமுத்து அண்ணன் வீட்டுக்குப் போனேன். கூடப் பிறந்தவன், ஊருக்கெல்லாம் நியாயம் பேசுகிறவன். "ஆடி முடியட்டும் அம்மிணி, ஒக்காந்து பேசிக்கலாம். நீ ஒண்ணும் வெசனப்படாத" என்று காபி கொடுத்து அனுப்பினான். காபி நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 6, புதன்

ஒரு யோசனை தோன்றியது. காலையில் தோசை ஊற்றும்போது தோன்றியதில் ஒரு தோசை கருகிவிட்டது.

நாலு பேர் நடுவில் என்னால் பேச முடியாது. அழுதுவிடுவேன், அப்புறம் அழுகையைப் பற்றித்தான் பேசுவார்கள். ஆனால் கமலவேணி பேசுவாள். நான் சொன்னால் வாயாடி, படம் சொன்னால் கருத்து. இந்த ஊரில் எதையும் திரையில் பார்த்தால்தான் ஒத்துக்கொள்வார்கள். எல்லோரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்து அந்தக் கதையைக் காட்டிவிட்டால் போதும். இவர், நாச்சிமுத்து அண்ணன், சம்பந்தியம்மா, மாப்பிள்ளை. கடைசிக் காட்சியில் கமலவேணி செய்வதைப் பார்த்தால் ஆவணி ஒன்றுக்குக் கூப்பிட வருகிற வாய் எப்படித் திறக்கும் என்று பார்க்கிறேன். தாரணிக்கும் தெம்பு வரும்.

மாப்பிள்ளைக்குப் போன் செய்து, குடும்பத்தோடு ஒரு படம் பார்க்கலாம் என்றேன். "நெம்ப சந்தோசமுங்க அத்தை. அம்மாவையும் கூட்டிட்டு வர்றேன்" என்றார். சனிக்கிழமைக்கு டிக்கெட்டைக்கூட அவரே போனில் போட்டுவிட்டார்.

கிரிஜாவிடம் சொன்னேன். அவளிடம் எல்லாவற்றையும் சொல்வேன். "படத்த நம்பாதடி. மொதல்ல புத்தகத்த அவ கையில குடு" என்றாள். "எத்தனை வருசமா நம்ம பாக்கறோம், எதைத்தான் மாத்தாம எடுத்திருக்காங்க?"

"தொப்பையை மாத்துவாங்க, மீசையை மாத்துவாங்க. இதோட முடிவை மாத்த முடியுமா? அதுதானடி கதையே" என்றேன். எனக்குக் கோபம்கூட வந்தது. படம் பார்க்க இன்னும் மூன்றே நாள். அதற்குள் புத்தகத்தைக் கொடுத்துக் கெடுக்கவேண்டாம்.

ஆகஸ்ட் 9, சனி

எங்கிருந்து எழுதுவது.

முதல் பாதி நன்றாகவே இருந்தது. புத்தகத்தில் ஒல்லிக்குச்சியாக வருகிற கமலவேணி படத்தில் கொழுக் மொழுக்கென்று இருந்தாள், போகட்டும். குமாஸ்தாவைப் பேங்க் மேனேஜர் ஆக்கியிருந்தார்கள், அதுவும் போகட்டும். முதல் அடி விழுந்தபோது தியேட்டரே உச்சுக்கொட்டியது. நான் இருட்டில் மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தேன். அசையாமல் உட்கார்ந்திருந்தார். என் யோசனை வேலை செய்கிறது என்று மனதுக்குள் ஒரே சந்தோஷம்.

இடைவேளைக்குப் பிறகு மாமியார் வந்தாள்.

புத்தகத்தில் மாமியார் நல்லவள். அதிகம் பேசமாட்டாள். கடைசி அத்தியாயத்தில் விடியுமுன் எழுந்து, மகன் போட்ட தாழ்ப்பாளைத் திறந்து, மருமகளின் டிரங்குப் பெட்டியைத் தானே தலையில் சுமந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வருவாள். "நான் போகல. நீ போ" என்பாள். கமலவேணி ஏறிவிடுவாள். பஸ் ஊர் எல்லை தாண்டினபிறகுதான் இது எங்கே போகிற பஸ் என்று கண்டக்டரிடம் கேட்பாள். அதோடு கதை முடியும். இத்தனை நாள் யாருக்கும் சொல்லாத முடிவு இதுதான். இனி ஒளித்து வைத்து என்ன ஆகப்போகிறது.

படத்தில் மாமியார்தான் சூனியக்காரி. அவள் கோள்மூட்டித்தான் மகன் அடிக்கிறான். பாவம், அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவே அவன் நசுங்குகிறான், அதற்கு ஒரு சோகப் பாட்டு வேறு. கடைசியில் பஸ் ஸ்டாண்டு வந்தது. பெட்டியோடு கமலவேணி நின்றாள். நான் சீட்டின் நுனிக்கு வந்துவிட்டேன். ஏறு, ஏறு என்று வாய்விட்டே சொன்னேன் போலிருக்கிறது, இவர் திரும்பிப் பார்த்தார். மழை வந்தது. புருஷன் நனைந்துகொண்டே ஓடி வந்தான், முழங்காலிட்டான். "உனக்காக எங்கம்மாவையே விட்டுட்டு வந்துட்டேன்" என்றான். பஸ் போய்விட்டது. அடுத்த காட்சியில் தனி வீடு, புது அடுப்பு, பால் பொங்குகிறது, இருவரும் சிரிக்கிறார்கள்.

தியேட்டர் முழுக்கக் கைதட்டல். நாச்சிமுத்து அண்ணன் துண்டால் கண்ணைத் துடைத்தான். மாப்பிள்ளை குலுங்கிக் குலுங்கி அழுதார். அழுதுகொண்டே தாரணியின் கையைப் பிடித்தார், எல்லோரும் பார்த்தார்கள். அவருக்கு அந்தப் பக்கம் சம்பந்தியம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் அழவில்லை. தப்பு செய்து மாட்டிக்கொண்டவர் மாதிரி தரையைப் பார்த்தார். கதவைத் தட்டித் தட்டி என் பெண்ணைக் காப்பாற்றின அம்மா அவர்.

"புத்தகத்துல இப்புடி இல்லீங்க. புத்தகத்துல மாமியார் நல்லவ" என்று வெளியே வந்ததும் சொன்னேன்.

"ஆரம்பிச்சுட்டா" என்றார் இவர். எல்லோரும் சிரித்தார்கள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நம் வீட்டிலேயே உட்கார்ந்து பேசினார்கள். ஆடி முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்று அண்ணனுக்கே இப்போது தோன்றிவிட்டது. நேற்றுப் பார்த்த படம் எல்லோர் மனதிலும் ஈரமாக இருந்தது.

"பிரச்சினை என்னன்னு இப்பத்தானுங்க வெளங்குது" என்று அண்ணன் ஆரம்பித்தான். "ஒரே ஊட்ல ரெண்டு பொம்பளைங்க. சின்னஞ்சிறுசுக தனியா இருந்தா எல்லாஞ் சரியாப் போயிரும். தனிக்குடித்தனம் வெச்சுரலாம். ஆவணி ஒண்ணே பால் காச்சிரலாம்."

இவருக்கு அப்படியே பாரம் இறங்கினாற்போல் முகம் மலர்ந்தது. சம்பந்தியம்மா, "எங்கியாச்சும் நல்லாருந்தாச் சரிங்க" என்று மட்டும் சொன்னார். நான் வாயைத் திறந்தேன். "தனியா வேண்டாமுங்க. சம்பந்தியம்மா கூட இருக்கறதுதான்…" அதற்குள் மாப்பிள்ளை எழுந்து வந்து சாஷ்டாங்கமாக என் காலில் விழுந்தார். "தப்புத்தானுங்க அத்தை. இனிமேத் தாரணிய உள்ளங்கையில வெச்சுத் தாங்குவேன்." படத்தில் வந்த வசனம் அப்படியே. காலில் விழுந்தவரை வைத்துக்கொண்டு மேலே என்ன பேச முடியும்? எழுந்திருங்க மாப்பிள்ளை என்றேன். எல்லோருக்கும் காபி கலந்தேன்.

தாரணி என்னைப் பார்த்தாள். நான் டம்ளர்களைப் பார்த்தேன்.

கிளம்பும்போது மாப்பிள்ளை, "அத்தை, அந்தப் புக்கு இருக்குதுங்களா? படிச்சுட்டுத் தர்றேன். எப்படி மாத்தி எடுத்திருக்காங்கன்னு பாக்கணும்" என்றார். இல்லை என்று சொல்லத் தோன்றவில்லை. அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அட்டையைத் தடவிப் பார்த்து, கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் பிரித்தார். நின்றபடியே படித்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். அது நேற்று அழுத முகம் இல்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இவர் கடைக்குப் போனதும் தாரணி பக்கத்தில் உட்கார்ந்தேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணு, படத்துல காட்டினது பொய். புத்தகத்துல என்ன ஆகும்னா…"

"சொல்லாதம்மா."

"ஒரு நிமிசம் கேளு…"

"வேண்டாம்னு சொல்றேன்ல." துணியை மடிப்பதை நிறுத்தவில்லை. "எல்லாரும் பாத்தது அந்தப் படத்தைத்தான். அப்பா, மாமா, அவங்கெல்லாம். நீ வேற ஒண்ணச் சொல்லி, அதைக் கேட்டுட்டா எனக்குப் போறதுக்குக் காலு வராது. போகாம இருக்க நீ விடுவியா? சொல்லு. அப்பாகிட்டச் சொல்லி என்னைய இங்கயே வெச்சுக்குவியா?"

வாயெடுத்தேன். அவள் மடித்து வைத்த துணியை எடுத்து மறுபடி மடித்தேன். ஆற்றங்கரையில் அனுப்பமாட்டேன் என்று அவ்வளவு சுலபமாகச் சொன்ன வாய்தான்.

"அப்பப் படமே உண்மையா இருந்துட்டுப் போகட்டும்மா" என்று சொல்லி, மடித்த துணியைப் பெட்டியில் வைத்தாள்.

ஆகஸ்ட் 13, புதன்

கிரிஜா மூன்று முறை கூப்பிட்டாள். எடுக்கவில்லை. எடுத்தால் என்ன சொல்வது, நீ சொன்னதுதான் சரி என்றா?

ஆகஸ்ட் 15, வெள்ளி

கடைசி ஆடி வெள்ளி. அம்மனிடம் என்ன வேண்டுவது என்று தெரியாமல் கும்பிட்டுவிட்டு வந்தேன். பிறகு கடைத்தெரு. குக்கர், இட்லிப் பானை, பால் காய்ச்சப் புதுப் பாத்திரம். தாரணி எதைக் காட்டினாலும் சரி என்றாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி ஒன்று. பால் காய்ச்சியாயிற்று.

வீடு திருப்பூரிலிருந்து தள்ளி, புதிதாகப் போட்ட மனையில் மாடி வீடு. காற்று பிய்த்துக்கொண்டு போகிறது என்று எல்லோரும் மெச்சினார்கள். இரண்டு பக்கமும் வீடுகள் இன்னும் தூண் மட்டத்தில் நிற்கின்றன. கீழ்வீட்டுக்காரர் வெளிநாடாம், பூட்டிக் கிடக்கிறது. மளிகைக் கடைக்கு வண்டியில்தான் போக வேண்டும். "எல்லாம் நானே வாங்கியாந்துருவேன், இவ படியெறங்கவே வேண்டாமுங்க" என்றார் மாப்பிள்ளை. இவருக்கு உச்சி குளிர்ந்தது.

பால் பொங்கினபோது யாரோ போனில் அந்தப் படத்துப் பாட்டைப் போட்டார்கள். மாப்பிள்ளை தாரணியின் தோளில் கை போட்டுச் சிரித்தார். படம் எடுத்தார்கள். தாரணியும் சிரித்தாள். கை எங்கே இருந்தது என்று நான் பார்த்தேன். கழுத்துக்குப் பின்னால், கயிற்றின் மேல்.

சம்பந்தியம்மா என்னைச் சமையலறை மூலைக்குக் கூப்பிட்டார். என்னைவிட வயதில் பெரியவர், என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் இருந்தவரைக்கும் சத்தங்கேட்டா எந்திரிச்சுப் போவனுங்க. இனிமே யாருங்க போவாங்க?" என்றார். "படத்துல என்னைய மாதிரியே ஒருத்தியக் காட்டி அடிச்சுட்டாங்களே அம்மிணி." அவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது. ஹாலிலிருந்து, என்ன ரெண்டு சம்பந்திகளும் ரகசியம் என்று அண்ணன் கேலி பேசினான். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தோம்.

கிளம்பும்போது தாரணி படியில் நின்றாள். முதல் படியைத் தாண்டி இறங்கவில்லை. வா கண்ணு, என்னோடு வந்துவிடு, உன் அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லத்தான் அவளிடம் போனேன். மனசுக்குள் நாலு தடவை சொல்லியும் பார்த்துக்கொண்டேன்.

"மீதிப் பாலு இருக்குது, உறை ஊத்தி வெச்சுரு" என்றேன்.

"சரிம்மா" என்றாள்.

வழியெல்லாம் இவர் நல்ல மனநிலையில் இருந்தார். காரில் பழைய பாட்டுப் போடச் சொன்னார்.

ஆகஸ்ட் 20, புதன்

தாரணி கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டேன். மாப்பிள்ளைதான் எடுத்தார். குளிக்கிறாள் என்றார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

தூங்குகிறாள் என்றார்.

கிரிஜா நேரிலேயே வந்துவிட்டாள். எல்லாம் கேட்டுவிட்டு, "போய்க் கூட்டிட்டு வா. நான் வர்றேன் கூட, இப்பவே கெளம்பு" என்று செருப்பைக் கழற்றாமலே நின்றாள். இவர் மதியம் சாப்பிட வரும் நேரம். நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கண்ணில் கோபம் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. புதிதாக வாங்கின நாவல் ஒன்றை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். பிரிக்க மனமில்லை.

ஆகஸ்ட் 23, சனி

நாளைக்கு, நாளைக்கு என்றே போகிறது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

மதியம் இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தாரணி. அவள் குரலைக் கேட்டு ஒன்பது நாளாயிற்று. ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார்கள் என்பது எடுத்ததுமே தெரிந்தது. கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்தது, பின்னால் டிவி சத்தம்.

"நல்லாருக்கியா கண்ணு?"

"நல்லாருக்கேம்மா." ஒவ்வொரு எழுத்தாக எடுத்து வைக்கிறாற்போல் பேசினாள். உதடு வீங்கியிருந்தால் அப்படித்தான் பேச வரும். "சும்மா கதை பேசிட்டிருந்தோம். உனக்குத்தான் நல்லாத் தெரியும்னு கேக்கறேன். அந்தக் கமலவேணி புத்தகத்துல, கடைசில அவ என்னம்மா பண்ணுவா?"

அவள் கேட்டது கதையை அல்ல. பெற்றவளுக்கு இதுகூடப் புரியாதா? அன்றைக்கு, சொல்லாதே, கேட்டால் போகக் கால் வராது என்றவள். இன்று அவளே கேட்கிறாள் என்றால், சொல் என்கிறாள். இப்போது சொன்னால் கிளம்பிவிடுவேன் என்கிறாள். போய்விடுவாள் கண்ணு, பஸ் ஏறிவிடுவாள், எங்கே போகிற பஸ் என்றுகூடக் கேட்காமல் ஏறிவிடுவாள். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அந்தப் பக்கம் டிவி சத்தம் குறைந்தது. யாரோ குறைத்தார்கள். இந்தப் பக்கம் இவர் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் நிமிர்ந்து என்னையே பார்த்தார். சொன்னபிறகு இந்த ஒரு நிமிஷத்துக்கு அப்புறம் அந்த மாடியில் அவளுக்கு என்ன நடக்கும்? கதவைத் தட்ட யார் இருக்கிறார்கள்?

"படத்துல வர்ற மாதிரிதான் கண்ணு" என்றேன்.

மாப்பிள்ளை சிரித்தார். "பாத்தியா? நான் சொன்னா நம்பறதில்ல. இப்ப அத்தையே சொல்லிட்டாங்க."

தாரணி மூச்சு விடுவது மட்டும் கேட்டது. நான் போனை நல்ல காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"சரிம்மா" என்றாள். வைத்துவிட்டார்கள்.

"யாரு?" என்றார் இவர்.

"தாரணிதானுங்க. நல்லாருக்காளாம்."

தட்டை நகர்த்தி வைத்தார். ரசம் ஊற்றினேன்.